உடைந்த பாலத்துக்கு ஓர் அமைச்சர்

என் மச்சினன் நாட்டின் சுற்றுலாத் துறை அமைச்சராகப் பதவியேற்ற நாளில் எங்கள் விடுதியில் ஒரு சுற்றுலாப் பயணிகூட இல்லை. அதற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. ஆற்றைத்தான் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் அது பாலத்தின் நடுப்பகுதியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கரைக்கொரு துண்டு நீட்டிக்கொண்டு நின்றது. நடுவில் காற்று மட்டும் தடையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

நெடுஞ்சாலை அந்தக் கரை, விடுதி இந்தக் கரை. விடுதிக்குப் பின்னால் ஓர் அருவி இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் ஆட்கள் வருவார்கள். பாலம் போனபிறகு, வரவேண்டுமென்றால் மலையைச் சுற்றிக் காட்டுப் பாதையில் அரை நாள் நடக்க வேண்டும். ஓர் அருவிக்காக அவ்வளவு தூரம் நடக்கிறவன் அறை எடுக்க மாட்டான், கூடாரத்தை முதுகிலேயே கட்டிக்கொண்டு வருவான். முதலில் சமையல்காரர் போனார். அக்கரையில் ஒரு டீக்கடை போட்டுக்கொண்டார். பிறகு அறை துடைக்கிற பெண் போனாள். கடைசியில் நானும் என் மனைவியும் பன்னிரண்டு காலி அறைகளும் மிஞ்சினோம்.

அமைச்சரை வீட்டில் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். பெற்றோர் சீக்கிரமே போய்விட்டதால் அக்காதான் அவனை வளர்த்தாள். அவளை நான் கல்யாணம் செய்துகொண்டபோது அவனும் கூடவே வந்துசேர்ந்தான். கட்சியில் சேர்ந்து, தேர்தலில் நின்று, தோற்று, ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எங்கள் மூன்றாம் எண் அறையில் வந்து விழுவான். சும்மா இருக்கிறானே என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று அந்தக் கதவில் ‘மேலாளர்’ என்று இவள் எழுதி மாட்டினாள். அவன் எதையும் மேலாளவில்லை. வரவேற்பறைக் கண்ணாடியின் முன்னால் நின்று பேசிப் பழகினான். அறை எடுத்தவர்கள் வந்து சாவி கேட்டால், “சாவி என்பது என்ன?” என்று ஆரம்பித்துவிடுவான். அவர்கள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். இவள் சமையலறையிலிருந்து ஓடிவந்து சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, “என்னமா பேசுறான் பாத்தீங்களா?” என்பாள் என்னிடம்.

பதவியேற்பைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவன் போட்டிருந்த சட்டை இவள் தேய்த்துக் கொடுத்ததுதான். உறுதிமொழி முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாலம் வந்துடுச்சுங்க” என்றாள்.

“எங்க?”

“தம்பி வந்துட்டானே, இனிமே பாலம் வராம எங்க போகும்?”

அன்று முதல் மற்றவர்களிடம் அவனை ‘சின்னவர்’ என்று சொல்ல ஆரம்பித்தாள். எனக்கு அது வாயில் வரவில்லை.

அவனைப் பார்த்து விஷயத்தைச் சொல்வதற்காகத் தலைநகருக்குப் போனோம். சுற்றுலா அமைச்சகம் பெரிய கட்டடம். வாசலில் ஒரு பெண் எங்களுக்குப் பழச்சாறு கொடுத்து, சட்டையில் ‘விருந்தினர்’ என்று எழுதிய வில்லையைக் குத்தினாள். இவளுக்குத் தலைகால் புரியவில்லை. “தம்பி சொல்லி வச்சிருக்கான்” என்று என் காதில் சொன்னாள். பார்த்தால் அங்கே வந்த எல்லாருக்கும் அதே பழச்சாறு, அதே வில்லை. பக்கத்தில் நின்றவர் பல மாதமாக மனுவோடு அலைகிறவர், விவரம் தெரிந்தவர். முந்தைய அமைச்சர் காலத்தில் பயணிகள் எண்ணிக்கை இலக்கை எட்டவில்லையாம். அதனால் அமைச்சகத்தையே ஒரு சுற்றுலாத் தலமாக அறிவித்துவிட்டார்கள். மனு கொடுக்க வருகிறவர்களெல்லாம் பயணிகள் கணக்கில் ஏறிவிடுவார்கள். ஒரே வேலைக்கு இருபது தடவை அலைகிறவர் இருபது பயணிகள். அந்த ஆண்டு இலக்கைத் தாண்டிவிட்டது, விருதும் கொடுத்தார்கள்.

சிறிய கொடி ஒன்றைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி வந்து எங்களைக் கூட்டமாக அழைத்துப் போனார்.

“இது கோப்பு அறை. போட்டோ எடுக்கலாம், கோப்பைத் தொடக்கூடாது. தொட்டா நகர ஆரம்பிச்சுடும்னு ஒரு பயம் இருக்கு” என்றார். எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த அறைக்குக் கண்ணாடிச் சுவர். “இடப்பக்கம் பாருங்க, இணைச் செயலர். கொஞ்சம் பொறுமையா நின்னா கையெழுத்துப் போடுறதைப் பாக்கலாம். சத்தம் மட்டும் போடாதீங்க, எந்திரிச்சுப் போயிடுவாரு.”

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இணைச் செயலர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கூட்டத்தில் ஒருவர் தும்மிவிட்டார். இணைச் செயலர் மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். தும்மியவரை எல்லாரும் முறைத்தார்கள்.

கடைசி நிறுத்தம் அமைச்சரின் அறை. அவன் அக்காவைக் கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்து கண் கலங்கக் கட்டிக்கொண்டான். அதில் பொய் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவனுடைய எந்தக் கண்ணீரிலும் பொய் இருந்ததில்லை, அதுதான் தொல்லையே.

இவள் பாலத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

“அக்கா, பாலம் நின்னா அது சாலைத் துறை. விழுந்தா பேரிடர்த் துறை. விழுந்து, ஏன்னு கேக்க ஆளில்லாம ஒரு வருஷம் கிடந்துச்சுன்னா அது பாரம்பரியம். பாரம்பரியம்தான் என் துறை.”

“அதெல்லாம் எனக்கு எதுக்குடா? பாலம் வருமா, வராதா?”

அவன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “உன் கையால சாப்பிட்டு வளந்தவன்க்கா நான். பாலம் வரும். என் மேல சத்தியம்.”

பக்கத்தில் நின்ற செயலாளர் பேனாவை எடுத்தார். ஒல்லியான மனிதர், எப்போதும் பாதி குனிந்தே நிற்பார். “சத்தியம், எந்தத் தலைப்புல ஐயா?”

“பாரம்பரியம்னு போடுங்க.”

இவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல ஆகிவிட்டது. ஊர் திரும்பும் வழியெல்லாம் எந்தெந்த அறைக்கு என்ன நிறத் திரைச்சீலை என்று பேசிக்கொண்டே வந்தாள்.

பாலம் விழுந்து ஒரு வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அதற்குள் ஒரு விபரீதம் நடக்கப் பார்த்தது. சாலைத் துறைக்காரர்கள் இரும்புச் சட்டங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கு வந்து, பாலத்தைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார்கள்! எங்கிருந்தோ அவர்களுக்குப் பொறுப்புணர்ச்சி வந்துவிட்டது. நல்லவேளை, சுற்றுலா அமைச்சகம் தூங்கவில்லை. மறுநாளே செயலாளர் காரில் வந்து இறங்கி, கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசினார். லாரிகள் வந்த வழியே திரும்பின.

நான் இந்தக் கரையில் நின்று கத்தினேன். ஆற்றுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இவள் வந்து என் தோளைத் தொட்டாள்.

“விடுங்க. இது வெறும் இரும்புப் பாலம், ஆட்டம் காணும். தம்பி நல்ல பாலமா கட்டப் போறான், அதான் நிறுத்தியிருக்கான்.”

அதை அவள் முழு மனதோடு நம்பினாள். அவள் முகத்தைப் பார்த்து நானும் நம்பினேன்.

வருஷம் முடிந்தது. அக்கரையில் வேலை தொடங்கியது. சிமெண்டு வந்தது, மணல் வந்தது, தூண் எழும்பியது. இவள் காலையில் டீயைக் கையில் எடுத்துக்கொண்டு முன்மாடத்துக்கு வந்து நின்று, தூண் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்ப்பாள். தூண் வளர்ந்தது. வளர்ந்து வளர்ந்து மேலே போய்க்கொண்டே இருந்தது. ஆற்றின் பக்கம் மட்டும் வரவில்லை. பாலத்துக்கு எதற்கு இவ்வளவு உயரம் என்று நான் கேட்டேன். “அடுத்த வெள்ளம் தொடக்கூடாதுல்ல?” என்றாள். பிறகு அதன் உச்சியில் கூரை போட்டார்கள். கைப்பிடிச் சுவர் கட்டினார்கள். வரிசையாகத் தொலைநோக்கிகளைப் பொருத்தினார்கள். எல்லாத் தொலைநோக்கிகளும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. ‘உடைந்த பாலம்: தேசியக் காட்சிக் கோபுரம்’ என்று பலகை மாட்டினார்கள்.

இவள் சின்னவனுக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் வைத்துத்தான் பேசினாள், நானும் கேட்டேன்.

“அக்கா, நீ பதறாத. பாலம் கட்டணும்னா நிதி வேணும். நிதி வேணும்னா இந்த இடத்துக்குக் கூட்டம் வருதுன்னு காட்டணும். கூட்டம் வரணும்னா பாக்க ஏதாவது வேணும். இப்ப உன்கிட்ட என்ன இருக்கு? உடைஞ்ச பாலம் இருக்கு, பின்னாடி ஒரு பாழடைஞ்ச விடுதி இருக்கு.”

“பாழடைஞ்சதா? போன மாசம்தானடா வெள்ளையடிச்சோம்!”

“அதான்க்கா சிக்கல். கொஞ்ச நாளைக்குப் பாழடைஞ்ச மாதிரி இரு. உன் தம்பிக்காக.”

அவள் போனை வைத்தாள். பிறகு எழுந்து போய்த் திரைச்சீலைகளைக் கழற்றினாள்.

அதன்பிறகு அமைச்சகம் எங்களோடு பேசிய முறையை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. காட்டுப் பாதையில் ஆளனுப்ப அவர்களுக்குச் சோம்பல். கோபுரத்தின் உச்சியில் ஒலிபெருக்கிக் கூம்புகளை எங்கள் பக்கம் திருப்பிக் கட்டிவிட்டார்கள். காலையில் அலுவலகம் திறந்ததும் உத்தரவுகள் ஆற்றைத் தாண்டி வரும்.

“விடுதியில் இருப்பவர்களின் கனிவான கவனத்துக்கு. இரண்டாவது மாடிக் கொடியில் துணி காய்கிறது. தயவுசெய்து அகற்றவும்.”

“விடுதியில் இருப்பவர்களின் கனிவான கவனத்துக்கு. சமையலறையிலிருந்து புகை வருகிறது. பாழடைந்த கட்டடத்தில் புகை வருவது பயணிகளிடையே குழப்பத்தை உண்டாக்குகிறது.”

“முன்மாடத்தில் நிற்கும் ஐயா, நீங்கள் தெரிகிறீர்கள். உள்ளே போகவும். நன்றி.”

அந்த ‘நன்றி’யை மட்டும் அவர்கள் ஒருநாளும் விட்டதில்லை. நான் உள்ளே போவேன். விளக்குப் போடக்கூடாது என்றார்கள், போடவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்றார்கள், இவள் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். செடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.

ஒரு நாள் செயலாளரே காட்டுப் பாதையில் நடந்து வந்துவிட்டார். கூடவே மூட்டை தூக்கிய வேலையாட்கள், கோட்டுப் போட்ட ஒருவர். அவர் வெளிநாட்டில் படித்த தூசு நிபுணராம். தூசு நிபுணர் வரவேற்பறை மேசையை விரலால் தடவி, விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“இது சாதாரண வீட்டுத் தூசு. இதுல காலம் தெரியலை.”

“தினமும் துடைச்சுப் பழகின கைங்க. இப்பத்தான் விட்டிருக்கேன்” என்றாள் இவள், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

“பரவாயில்லம்மா. கொண்டு வந்திருக்கோம்.”

மூட்டையைப் பிரித்தார்கள். அமைச்சகத்தின் முத்திரை குத்திய, சலித்தெடுத்த, பழுப்பு நிறத் தூசு. அதைச் சல்லடையில் போட்டு அறை அறையாகத் தூவினார்கள். மூன்றாம் எண் அறையின் கட்டில் மேலும் தூவினார்கள். அந்தக் கட்டிலின் விரிப்பை இவள் ஒரு நாள் தவறாமல் மாற்றி வைப்பாள். என்றைக்காவது தம்பி வந்து தங்குவான் என்று நினைப்பு. தூவி முடித்ததும் ஜன்னல் கண்ணாடிகளை உடைக்க வேண்டும் என்றார் செயலாளர். வேலையாட்கள் உடைத்தால் சுத்தமாக உடைந்துவிடும், இயல்பாக இருக்காது, வீட்டுக்காரர்கள் உடைத்தால் நன்றாக இருக்கும் என்பது நிபுணரின் கருத்து.

நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். இவள் தோட்டத்திலிருந்து கல்லை எடுத்து வந்தாள்.

“நீ ஏன் செய்யிற?” என்றேன்.

“கூட்டம் வந்தாத்தானங்க பாலம்? சத்தியம் பண்ணியிருக்கான்ல.”

உடைத்தாள். நிபுணர் கைதட்டினார். “அருமை! நல்ல சோகம் இருக்கு அந்த உடைப்புல” என்றார். செயலாளர் அதையும் குறித்துக்கொண்டார்.

கூட்டம் வந்தது. சாதாரணக் கூட்டமா? கோபுரத்தில் எள் விழ இடமில்லை. பாலம் இருந்த நாளில் ஒரு வருஷம் முழுக்க வந்தவர்களைவிட அதிகம் பேர் ஒரே வாரத்தில் வந்து, பாலம் இல்லாததைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அத்தனை பேரும் அக்கரையிலேயே நின்றார்கள். எங்கள் பழைய சமையல்காரரின் டீக்கடை இரண்டு கடையானது. நாங்கள் இருட்டில், வரலாற்றுத் தூசியில் இருமிக்கொண்டு, அடுப்பு மூட்டாமல் ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தோம்.

அதன்பிறகுதான் முறைப்படியான திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார்கள். எங்களுக்கு அழைப்பு இல்லை. இவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “வீட்டு ஆளுக்கு எதுக்கு அழைப்பு? அன்னைக்குத்தான் பாலத்தை அறிவிக்கப் போறான். நேர்ல கேக்கணும்” என்று நல்ல உடையாக எடுத்துப் போட்டுக்கொண்டாள். விடியுமுன் கிளம்பி, காட்டுப் பாதையில் நடந்து, அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது விழா தொடங்கிவிட்டது. கூட்டத்தின் நடுவில் போய் நின்றோம்.

சின்னவன் நாடாவை வெட்டிவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“அன்பார்ந்த பெருமக்களே! பாலம் என்பது என்ன? இரண்டு கரைகளை இணைப்பது என்பார்கள். இணைத்தால் என்ன ஆகும்? மனிதன் கடந்து போய்விடுவான்! உடைந்த பாலத்தின் முன்னால்தான் மனிதன் நிற்கிறான். நிற்கிறவன்தான் தேநீர் குடிக்கிறான். தேநீர் குடிக்கிறவன்தான் இந்த நாட்டின் பொருளாதாரம்!”

கைதட்டல்.

“எனக்கு முன்னால் இருந்தவர்கள் கட்டினார்கள், கட்டினார்கள், கட்டிக்கொண்டே இருந்தார்கள். கட்டியதைப் பார்க்க எவராவது வந்தாரா? நான் ஒரு செங்கல்லைக்கூடப் பாலத்தில் வைக்கவில்லை. இன்று நாடே இங்கே நிற்கிறது! இது தொடக்கம்தான். விழுந்து கிடப்பவற்றையெல்லாம் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன, மருத்துவமனைகள் இருக்கின்றன. கல்வித் துறையும் சுகாதாரத் துறையும் நமக்குத் தொடர்ந்து நல்ல ஒத்துழைப்புக் கொடுத்து வருகின்றன.”

கைதட்டல் அடங்கியதும் அவன் குரலைத் தாழ்த்தினான்.

“அதோ, அக்கரையில் ஒரு விடுதி தெரிகிறதே. அதில் ஒரு பெண்மணி வாழ்ந்தார். எனக்குச் சோறு போட்டவர். என் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தவர். என்னைப் பெற்றவள்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பாலம் இடிந்த அந்த இரவில், அவரும் அவர் கணவரும் கைகோத்தபடி, அந்த வெள்ளத்தோடு...”

அவனால் மேலே பேச முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கூட்டம் முழுவதும் விசும்பியது. எனக்கு என் கையை ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

இவள் என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, யாரைச் சொல்றான்?”

“நம்மளைத்தான்.”

“நாம வெள்ளத்துல போகலையே?”

முன்னால் நின்ற ஓர் அம்மாள் திரும்பி, “பாவம், புண்ணியவதி, நல்லா வாழ்ந்திருப்பா” என்று தன் கைக்குட்டையை இவளிடம் நீட்டினாள். இவள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள்.

சின்னவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைசி அறிவிப்பைச் செய்தான். “அந்தத் தாயின் நினைவாக, இந்தப் பாலம் இன்று முதல் பாதுகாக்கப்பட்ட சின்னம். இதைச் சரிசெய்யவோ, இணைக்கவோ, புதிதாகக் கட்டவோ முயல்கிறவர்கள் யாராயிருந்தாலும் சிறை!”

அதற்குத்தான் பெரிய கைதட்டல்.

விழாப் பந்தலுக்குப் பின்னால் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த இடத்துக்குப் போனோம். செயலாளர் எங்களைப் பார்த்ததும் பேயைப் பார்த்தது போல நடுங்கிவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அமைச்சர் சொன்னதை அப்படியே நம்புவது அவர் உத்தியோகம்.

“அக்கா! நீ எப்படி வந்த?” என்றான் சின்னவன். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. “பேச்சைக் கேட்டியா? நடிப்பு இல்லக்கா. நிஜமாவே அழுதுட்டேன். நீ இல்லாம போனா எப்படி இருக்கும்னு நினைச்சேன், தாங்க முடியல.”

“பாலம்டா” என்றாள் இவள்.

“அக்கா, கதை இல்லாத இடத்துக்கு யாரு வருவா? நீ உயிரோட இருந்தா அது வெறும் விடுதி. நீ போய்ச் சேந்தாத்தான் அது தலம். இதுல உனக்கு எவ்வளவு பெரிய கௌரவம்!”

“சத்தியம் பண்ணினியே.”

அவன் கொஞ்சம் யோசித்தான். வருத்தத்தோடுதான் யோசித்தான். “அப்ப நான் புது அமைச்சர்க்கா. துறையைப் பத்தி ஒண்ணுமே தெரியாது.”

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. “டேய், நாங்க இப்ப எங்கடா போறது? அரை நாள் நடந்து அந்த இருட்டு வீட்டுக்கா?” என்றேன்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். “அந்தச் சிரமம் இல்லைங்க ஐயா. காட்டுப் பாதையை இப்பத்தான் மூடியாச்சு. விடுதிக்குள்ள உயிரோட யாரும் இல்லைன்னு ஆணை வந்திருக்கு. இனிமே யாரும் உள்ள போக முடியாது.”

“எங்க சாமான் எல்லாம் உள்ள இருக்குய்யா! அவ துணிமணி, என் கண்ணாடி...”

“அதெல்லாம் அப்படியே பாதுகாப்பா இருக்கும்ங்க. காட்சிப் பொருளாச்சே.”

சின்னவன் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து அக்காவின் கையில் வைத்து, அவள் விரல்களை மூடிவிட்டான். “ஆயுள் அனுமதிச் சீட்டு. கோபுரத்துக்கு. நீ எப்ப வேணும்னாலும் வந்து உன் விடுதியைப் பாக்கலாம். உன்கிட்ட யாரும் காசு கேக்க மாட்டாங்க” என்றான். அவன் கார் கிளம்பிப் போனது. நட்டாற்றில் விடுவது என்பார்கள். எங்களை அவன் ஆற்றுப்பக்கமே அண்டவிடவில்லை.

சமையல்காரர் நல்ல மனிதர். டீக்கடைக்குப் பின்னால் சாக்கு மூட்டைகளை ஒதுக்கி எங்களுக்கு இடம் கொடுத்தார். நான் டம்ளர் கழுவினேன், இவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டாள். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தொலைக்காட்சியில் அவன் முகம் வந்தால் எழுந்து போய்ப் பாலைக் கிளறுவாள்.

பல வாரம் கழித்து ஒரு நாள் மாலை, கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு, “வாங்க, வீட்டைப் பாத்துட்டு வரலாம்” என்றாள்.

கோபுரத்தில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம். தொலைநோக்கிக்கு வரிசை வளைந்து வளைந்து நின்றது. எங்கள் முறை வந்ததும் அவள் கண்ணை வைத்தாள். வைத்த கண்ணை நெடுநேரம் எடுக்கவில்லை.

“ஏங்க, உள்ள ஆள் இருக்கு.”

“யாரு?”

“ஒரு பொம்பளை. மூணாம் நம்பர் ஜன்னல்ல நிக்கிறா. தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு ஆத்தையே பாக்குறா. என் சால்வையைப் போத்தியிருக்கா.”

பக்கத்தில் நின்ற இளம் வழிகாட்டி உற்சாகமாகிவிட்டார். “தெரிஞ்சிடுச்சாம்மா? உங்களுக்கு நல்ல நேரம். அதுதான் அந்த அம்மாவோட ஆவி. தினமும் சாயங்காலம் வந்து தன் தம்பி வருவான்னு காத்துக்கிட்டு நிக்கும்” என்றவர், என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, “தற்காலிகப் பணியிடம்தான் சார். அடுத்த வருஷம் நிரந்தரமாக்கிடுவாங்கன்னு பேச்சு” என்றார்.

இவள் தொலைநோக்கியை விடவில்லை. தோள் குலுங்கியது. வரிசையில் பின்னால் நின்ற ஓர் அம்மாள் முன்னால் வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். “அழாதீங்கம்மா. எல்லாருக்கும் இங்க வந்தா அழுகைதான் வருது. இறந்து போனவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“தெரிஞ்சவதான்” என்றாள் இவள், கண்ணை எடுக்காமல். “வெள்ளத்துலல்லாம் சாகலம்மா. அந்த ராத்திரி நல்லாத்தான் இருந்தா. அதுக்கப்புறம் தம்பியை நம்பினா. அதுலதான் செத்தா.”

அந்த அம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். வழிகாட்டி கொஞ்சம் நகர்ந்து வந்து, மரியாதையாகக் கேட்டார்.

“அம்மா, இந்த வரி ரொம்ப நல்லா இருக்கு. நாங்க எடுத்துக்கலாமா? அந்தத் ‘தம்பி’யை மட்டும் வேற ஆளா மாத்திக்கிறோம்.”

இவள் தொலைநோக்கியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“எடுத்துக்கப்பா. மத்ததெல்லாம் கேக்காமலேதான எடுத்தீங்க” என்றாள்.